விரலுக்குத் தெரிவது இடுப்புக்குத் தெரியாது

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது குந்தாரப்பள்ளி. இங்கே வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. ஆடுதான் பெரிய வியாபாரம். கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் வண்டி பிடித்து வியாபாரிகள் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழியிலும் பேரம் படியும். பக்ரீத், தீபாவளிக்கு முந்தைய சந்தை என்றால் கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாக மறுநாள் பேப்பரில் வரும். கடைத்தெருவெல்லாம் ஜிபே வந்துவிட்ட பிறகும், ஆட்டை அவிழ்த்துக் கொடுப்பவர் கட்டுப் பணத்தைக் கையில் எண்ணிப் பார்த்தால்தான் திருப்திப்படுகிறார். பணமும் நெரிசலும் ஒன்றுசேர்கிற இடத்தைத் தேடி ஜேப்படிக்காரர்களும் வருவார்கள். சந்தை, தேர்த்திருவிழா, டவுன் பஸ் என்று இடம்தான் மாறும்.

பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஒரே குரலில் சொல்வது: “எப்ப எடுத்தான்னே தெரியலீங்க.” கேட்பவர்கள், “அவ்வளவு அசந்தா இருப்பே?” என்று திட்டுவார்கள். திட்டுவதில் நியாயமில்லை. அவருடைய உடம்பு அவருக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் உண்மை.

உடம்பில் எல்லா இடமும் ஒரேமாதிரி சொல்வதில்லை. முதலில் விரலைப் பார்ப்போம். நம் கால்நடைச் சந்தைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைவிட்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவது. எந்த விரலை, எத்தனை விரலை, எந்த இடத்தில் தொட்டார் என்பதில் ஆயிரமும் நூறும் பிரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படித் தொட்டே கணக்குப் பேச முடிவதற்குக் காரணம், விரலின் தோலில் தொடுவுணர்வு ஏற்பிகள் நெருக்கமாகக் குவிந்திருப்பது. மூளையிலும் விரல்களுக்கென ஒதுக்கப்பட்ட பரப்பு மிகப் பெரியது.

தொடுவுணர்வின் இந்தக் கூர்மையை முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர். கவராயத்தின் இரண்டு முனைகளையும் தோலில் மெல்ல ஊன்றி, “ஒரு முனையா, இரண்டா?” என்று கேட்டார். 1834-ல் தொடுவுணர்வு பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. விரல் நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று சொல்லிவிடுகிறோம். முதுகிலும் தொடையிலும் ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் விலக வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒன்றாகத்தான் தெரியும். வீட்டில் இரண்டு தீக்குச்சிகளை வைத்து யாரும் சோதித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு இது பிடிக்கும்.

இப்போது நாம் பர்ஸ் வைக்கிற இடத்தை யோசியுங்கள். பேன்ட்டின் பின்பாக்கெட். உடம்பின் தொடுவுணர்வு மிக மந்தமான இடங்களில் ஒன்றைப் பார்த்து, கண்ணுக்கும் எட்டாத பக்கமாக, மாதச் சம்பளத்தை வைத்திருக்கிறோம். அந்தத் தையலைக் கண்டுபிடித்தவர் திருடர்களுக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொரு பலவீனமும் உண்டு. தொடுவுணர்வு ஏற்பிகளில் சில, மாற்றத்துக்கு மட்டுமே குரல் கொடுக்கும். இத்தாலியின் ஃபிலிப்போ பாச்சினி 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த பாச்சினி நுண்ணுறுப்பு அப்படிப்பட்டது. அழுத்தம் தொடங்கும்போதும் விலகும்போதும் செய்தி அனுப்பும். நடுவில் பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் காலையில் பர்ஸைச் செருகிய சில நொடிகளில் அது அங்கே இருப்பதே மறந்துபோகிறது. சரி, எடுக்கும்போதாவது மாற்றம் தெரிய வேண்டுமே? தெரியும்தான். ஆனால் அதே நேரத்தில் தோளில் ஒரு பலத்த இடி விழுந்தால், பெரிய தொடுகை சின்னதை அமுக்கிவிடும். பஸ் படியில் ஒருவர் முன்னால் வழிமறிக்க, ஒருவர் பின்னால் நெருக்க, மூன்றாவது ஆள் எடுத்து நாலாவது ஆளிடம் கொடுத்துவிடுவது இதனால்தான். பிடிபட்டவனிடம் பொருள் இருக்காது.

மேடையில் பொழுதுபோக்குக்காக ஜேப்படி செய்து காட்டும் அமெரிக்கர் அப்போலோ ராபின்ஸ் இந்த வித்தைகளை விஞ்ஞானிகளுக்கே விளக்கியவர். 2001-ல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பாதுகாவலர்களிடமிருந்தே கார் சாவி உட்படப் பொருள்களை உருவிக் காட்டியவர். காவல் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி. கையை நேர்கோட்டில் நகர்த்துவதைவிட வளைவாக நகர்த்தினால் ஆளின் கவனம் இன்னும் நன்றாக விலகும் என்பது அவருடைய அனுபவம். நரம்பியலாளர்கள் சுசானா மார்ட்டினஸ்-கொண்டே, ஸ்டீபன் மேக்னிக் குழுவினர் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்து 2011-ல் இது சரி என்று வெளியிட்டார்கள். நேர்கோட்டு அசைவில் கண் சட்டென்று பழைய இடத்துக்குத் தாவிவிடுகிறது. வளைவு என்றால் கையின் பின்னாலேயே போகிறது.

கண் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் தோலும் மரத்துப்போகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் சாண்ட்ரா மர்ஃபியும் பாலி டால்டனும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: கண்ணுக்குக் கடினமான வேலை கொடுக்கப்பட்டவர்கள், கையில் ஏற்பட்ட அதிர்வைக்கூட அதிகம் தவறவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் செல்போன் திரையில் மூழ்கி நிற்பவர் இந்த ஆய்வுக்கூடத்தில் நிற்பதாகவே வைத்துக்கொள்ளலாம். வங்கி வாசலில் “சார், உங்க பத்து ரூபா கீழே விழுந்துடுச்சு” என்பதும், “சட்டையில ஏதோ அசிங்கம் பட்டிருக்கு” என்பதும் இதே கணக்குதான்.

சுற்றுலா நகரங்களில் இந்த வேலை இன்னும் சுலபம். அங்கே எல்லோரும் அண்ணாந்து கோபுரமோ ஓவியமோ பார்க்கிறார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஜேப்படித் தொல்லை தாங்காமல் 2013 ஏப்ரலில் ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள்; அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக் கிடந்தது. நம் தி.நகரில் தீபாவளிக்குக் காவல் துறை கண்காணிப்புக் கோபுரம் அமைக்கிறது. “திருடர்கள் ஜாக்கிரதை” என்ற பலகையைப் பார்த்ததும் பலருடைய கை பணம் இருக்கும் இடத்தைத் தானாகத் தொட்டுப் பார்க்கும். அதைக் கவனிக்கத்தான் ஒருவன் காத்திருக்கிறான்.

ஆகவே “உஷாராக இரு” என்ற புத்திமதியில் எனக்கு நம்பிக்கை குறைவு. கவனம் நாள் முழுக்க நிற்காது. பணத்தைத் திருடன் கை எட்டாத இடத்தில் வைப்பதே மேல். இந்த விஷயத்தில் நம் தாத்தாக்கள் கெட்டிக்காரர்கள். வேட்டிக்குள்ளே பட்டாபட்டி டிராயர், அதில் ஆழமான பாக்கெட். அதைத் தொட வேண்டுமானால் வேட்டியை விலக்க வேண்டும். அந்தத் தொடுகையை எந்த மந்தமான தோலும் கண்டுகொள்ளும். பாட்டிகளின் இடுப்புச் சுருக்குப்பையும் அந்த ரகம்தான். பேன்ட் போடுபவர்கள் உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட் தைத்துக்கொள்ளலாம். தோள்பையை நெரிசலில் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டால் கண்ணும் கையும் சேர்ந்து காவல் காக்கும். செலவுக்கு வேண்டிய சில்லறையைத் தனியாகச் சட்டைப் பையில் வையுங்கள். பெரிய பணத்தைக் கூட்டத்தில் வெளியே எடுக்க வேண்டியிருக்காது.

பிக்பாக்கெட்டைச் சில்லறைத் திருட்டு என்று சிரித்து ஒதுக்கும் காலமும் போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவு, கும்பலாகச் செய்யும் ஜேப்படிக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை என்கிறது.

இப்போது திருடனுக்குப் பர்ஸைவிடச் செல்போன்தான் லாபம். போய்விட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் அந்த போனை முடக்கலாம். வங்கிக் கணக்கில் கைவைத்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். முடக்குவதற்கு போனின் ஐ.எம்.இ.ஐ. எண் தேவை. *#06# அழுத்தினால் அந்த 15 இலக்க எண் திரையில் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். போன் கையில் இருக்கும்போதே அதைப் பார்த்து, வீட்டு நோட்டு ஒன்றில் இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.