வளைவும் வேகமும்

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலை நோக்கி ஏறும் பாதை வளைந்து செல்வது. அவ்வழியே ஊர்தியில் செல்வோர், வளைவுதோறும் தம் உடல் வெளிப்புறம் தள்ளப்படுவதாக உணர்வர். உண்மையில் அவர்களை எதுவும் வெளியே தள்ளுவதில்லை. உடல் நேர்கோட்டிற் செல்ல முயல்கின்றது. ஊர்தியோ உட்புறம் திரும்புகின்றது. ஊர்தியை அவ்வாறு திருப்புவது ரயர்களுக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வாகும். ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார் வளைவில் எத்துணை விரைவாகச் செல்லலாம் என்னும் வினாவுக்கும் விடை இவ்வுராய்விலேயே அடங்கியுள்ளது.

வளைவிற் செல்லும் பொருளுக்கு வேண்டிய மையநாட்ட விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் வளைவின் ஆரைக்கு நேர்மாறு விகிதமாகவும் அமையும். வேகம் இருமடங்காயின் விசை நான்மடங்கு வேண்டும். ரயர்கள் தரக்கூடிய பக்கவிசை காரின் நிறைக்குச் சமமெனக் கொண்டால், 50 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றரே எல்லையாகும். இவ்வெல்லையை உயர்த்தும் வழிகள் மூன்று.

முதலாவது, பாதையைத் தேர்தல். வெளியோரத்தில் தொடங்கி, இடையில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரம் சேரும் சாரதி, தாம் செல்லும் வளைவின் ஆரையைப் பெருக்கிக்கொள்கின்றார். ஆரை 100 மீற்றராயின் எல்லை 113 கிலோமீற்றராகும். வேகத்தை வளைவுக்கு முன்னரே பெரும்பாலும் தணித்தலும் வேண்டும்; தணித்தலும் திரும்புதலும் ஒருங்கே நிகழின், ரயரின் பிடிப்பு இரண்டுக்குமாகப் பங்கிடப்படும்.

இரண்டாவது, சுமையைப் பகிர்தல். வளைவிற் காரின் சுமை வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகின்றது. சுமையோடு பிடிப்பும் வளருமாயினும் அதே விகிதத்தில் வளர்வதில்லை. ஆதலின் வெளிச்சில்லுகள் பெறுவது, உட்சில்லுகள் இழப்பதற்கு ஈடாகாது. பந்தயக் கார் தாழ்ந்தும் அகன்றும் அமைவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, காற்றின் துணை. 1968இல் போர்மியுலா வன் கார்களில் தோன்றிய இறக்கைகள், விமான இறக்கையைத் தலைகீழாக்கியவை போன்றவை. காரைத் தரையோடு அமுக்குவன. 1977இல் லோட்டஸ் நிறுவனம் காரின் அடிப்பக்கத்தையே அத்தொழிலுக்கு ஏற்ப அமைத்தது. காரின் திணிவு கூடாமலே ரயர்மீது சுமை கூடுவது இம்முறையின் சிறப்பு. ஆயின் இவ்விசையும் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதாதலின், மெதுவான வளைவில் இதனாற் பயன் சிறிதே.

இம்மூன்றும் ஈற்றில் ரயரையே நம்பி நிற்பன. 2005 யூன் மாதம் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் களத்தில் இவ்வுண்மை வெளிப்பட்டது. அங்குள்ள 13ஆம் வளைவு, வெளியோரம் உயர்ந்து சரிவாக அமைந்தது. அச்சரிவு வேகத்துக்குத் துணைசெய்யினும் ரயர்மீது சுமையை மிகுவிக்கும். பயிற்சியின்போது ரால்ஃப் சூமாக்கரின் காரில் இடப்புறப் பின் ரயர் சிதைய, கார் சுவரில் மோதியது. அவ்வளைவில் வேகத்தைக் குறைத்தாலன்றித் தன் ரயர்கள் பாதுகாப்பானவையல்ல என மிச்சலின் நிறுவனம் அறிவித்தது. யூன் 19இல் அந்நிறுவனத்தின் ரயர் பூண்ட 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் ரயர் பூண்ட ஆறு கார்களே ஓடின. அவற்றுள் ஜோர்டான் காரைச் செலுத்தி நான்காமிடம் பெற்றவர், கோயம்புத்தூரில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். போர்மியுலா வன் போட்டியில் இந்தியர் ஒருவர் முதன்முதற் பெற்ற புள்ளிகள் அன்று கிடைத்த ஐந்துமேயாம்.

விலகிய சாரதிகளிடம் திறமைக்குக் குறைவில்லை. இயந்திரங்களில் ஆற்றலுக்கும் குறைவில்லை. எல்லையை அறிந்து நின்றமையே அன்று அவர்கள் செய்த அறிவுடைய செயலாகும்.

கோட்டைப் பாதையில் திரும்பும் முச்சக்கர வண்டிக்கும் இவ்விதியே பொருந்தும். பொதுச் சாலையின் முழு அகலமும் ஒருவருக்கு உரியதன்று. இறக்கையின் துணையும் அங்கில்லை. மழையிற் பிடிப்பு பாதியாயின், 80 கிலோமீற்றர் என்ற எல்லை 56 ஆகச் சுருங்கும். ஆகவே பந்தயக் களத்தின் மூன்று வழிகளுள் நம் சாலைக்கு எஞ்சுவது, வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்தல் ஒன்றேயாகும்.