கலயமும் சட்டமும்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது செங்கல் என்னும் ஊர். அங்கிருந்து தமிழ்நாட்டின் எல்லையான களியக்காவிளை அதிகத் தொலைவில் இல்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொள்வினை கொடுப்பினையும் வழிபாடும் கோட்டின் இருபுறமும் தொடர்ந்தே வந்தன. கள்ளைப் பற்றிய சட்டம் மட்டும் தொடரவில்லை.

போதைப் பொருளைப் பயன்படுத்துவோரைக் குற்றவாளிகளாகக் கருதலாமா என்னும் விவாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அதை விளங்கிக்கொள்ள இவ்வெல்லையே நமக்குப் போதுமான பாடசாலை.

பனம்பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால், வடியும் சாறு புளிக்காது, அதுவே பதநீர். குமரிப் பகுதியில் நாம் அக்கானி என்போம். சுண்ணாம்பு தடவாவிடில் அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் அக்கள்ளைப் பருகலாம். தமிழ்நாட்டிலோ 1971-இல் தளர்ந்த மதுவிலக்கு, 1974-இல் திரும்பி, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1987 முதல் கள் இறக்குவது குற்றமாகவே இருந்து வருகிறது. ஆனால் அதே மாநிலத்தில் 2003 முதல் பிராந்தியும் விஸ்கியும் அரசின் டாஸ்மாக் கடைகளிலேயே விற்கப்படுகின்றன. பனையேறி குற்றவாளி, பிராந்தி வாங்குபவர் வாடிக்கையாளர்! குஜராத்திலோ, 2016-க்குப் பின் பீகாரிலோ வாழும் நேயர்களுக்கு இத்தகைய முரண் புதிதன்று. கேரளமும் 1996 ஏப்ரலில் கள்ளை விட்டுச் சாராயத்தை மட்டுமே தடைசெய்தது.

மக்கள் என்ன எண்ணுகின்றனர்? 2015 ஜூலை 31 அன்று, மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் நீத்தார். முழு மதுவிலக்கே அவரது நெடுநாள் கோரிக்கை. ஆயினும் அன்றைய போராட்டம் ஒரு கடையைக் குறித்தது. குடிப்பவரைச் சிறையிலிடுவதைக் குறித்ததன்று. 'குற்றமில்லை என்றாக்குவது' என்றதும் பலர் அஞ்சுவது இத்தகைய கடையையே. அவ்வச்சம் நியாயமானது, ஆனால் பொருத்தமான இடத்தில் எழுந்ததன்று. பயன்பாட்டுக்குத் தண்டனை நீக்குவது வேறு, விற்பனைக்கு வழி திறப்பது வேறு.

போர்ச்சுக்கல் 2001 ஜூலையில் அவ்வேறுபாட்டைச் சட்டமாக்கியது. பத்து நாள் சொந்தப் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவர் அங்கே குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. ஒரு குழுவின் முன் வருகிறார். விற்பவர் வழக்கம் போலக் குற்றவாளியே.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. கஞ்சாவை உட்கொண்டவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனினும் அச்சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. அடிமையானவர் தாமாகவே முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறிதளவு வைத்திருந்ததற்கும் அவர்மீது வழக்கு நடவாது. மகனை மறைத்து வைத்துத் தவிக்கும் பெற்றோர் இதை அறிந்திருத்தல் வேண்டும். சிகிச்சையை நடுவில் விட்டால் அப்பாதுகாப்பு விலக்கப்படலாம்.