உளவியல் ஆராய்ச்சியும் சம்மதம் என்னும் சொல்லும்

நம் சங்கக் குடும்பங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் இப்போது சைக்காலஜி எடுக்கிறேன் என்கிறார்கள். பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அடுத்தவங்க மனசில இருக்கறதை எப்படிங்க ஆராய்ச்சி பண்ணுவாங்க?" இதற்கு விடை தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. இந்தியாவில் இந்தப் படிப்பு வேர் விட்டதே நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவில்தான்.

1905இல் பிரஜேந்திரநாத் சீல் சோதனை உளவியலுக்குப் பாடத்திட்டம் வகுத்தார். 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறை ஏற்பட்டது. முதல் தலைவர் நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். ராஜாபஜார் சயின்ஸ் காலேஜுக்கு அருகே பார்சிபாகான் சந்தில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸின் வீடு. வியன்னாவில் இருந்த ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்த இவர், 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார்.

சென்குப்தா வந்த வழி, அளந்து பார்ப்பது. விளக்கு எரிந்ததும் விரல் பொத்தானை அழுத்த எத்தனை நேரம் ஆகிறது என்பது போன்ற அளவுகள். ஆட்களை இரண்டு கூட்டமாக்கி, ஒன்றுக்கு மட்டும் ஏதோ ஒன்றை மாற்றிக் கொடுத்து ஒப்பிடுவார்கள். யார் எந்தக் கூட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். கெட்டிக்காரர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட்டு "என் மருந்து வேலை செய்தது" என்றால் ஆயிற்றா? போஸின் வழி வேறு. ஒரே மனிதரை மாதக்கணக்கில் பேச விட்டுக் கேட்பது.

மூன்றாவது வழி தெருவுக்குப் போவது. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் வந்தது. அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் ஏதும் அடையாத ஊர்களில் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்பவர் திரட்டினார். இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்றே அவர்கள் பேசிக்கொண்டார்கள். தப்பித்தவன் ஏன் தன்னைத்தானே பயமுறுத்திக்கொள்கிறான்? இந்தப் புதிர்தான் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்கரை 1957இல் ஒரு பெரிய கொள்கைக்குக் கொண்டுபோய் விட்டது. பயம் முதலில் வந்துவிட்டது, அதற்கேற்ற காரணத்தை மனம் பிறகு தேடிக்கொள்கிறது என்றார் அவர். நம் பக்கத்து மாநிலத்து வதந்தி உலகப் பாடப்புத்தகத்தில் ஏறிய கதை இது.

ஆனால் அதே ஃபெஸ்டிங்கரின் ஆட்கள், 1954 டிசம்பரில் உலகம் வெள்ளத்தில் அழியும் என்று காத்திருந்த ஒரு சிறு கூட்டத்துக்குள் பக்தர்கள் போல வேஷம் போட்டு நுழைந்தார்கள். அவர்கள் சொன்ன கட்டுக்கதைகளே அந்தக் கூட்டத்தின் நம்பிக்கைக்கு உரமாயின. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம், "தப்பாகப் பதில் சொல்பவருக்கு மின்சார ஷாக் கொடுங்கள்" என்று ஆட்களை நடத்தினார். ஷாக் பொய், அலறியவர் நடிகர். ஒரு சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். போனவர்கள் வியர்த்து நடுங்கினார்கள், அது பொய்யில்லை. பொய் பேசாமையை விரதமாகவே வைத்திருக்கும் சமணக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது உறுத்துகிறது. ஆனாலும் உண்மையை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தச் சோதனையே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்று இப்படிப்பட்ட மறைப்புக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடவும் வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கல்கத்தாவில் 83 பேரிடம் நடத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. குடிசைவாசிகள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், நடைபாதையில் படுப்பவர்கள் என மூன்று பிரிவினர். வாழ்க்கை திருப்தியா என்று மொத்தமாகக் கேட்டபோது சராசரி நடுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றது. குடும்பம், நண்பர்கள் என்று தனித்தனியாகக் கேட்டபோது விடை திருப்திப் பக்கம் சாய்ந்தது. வசதியுள்ளவர்களைவிடக் குறைவு, நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்பதே முடிவு. "ஏழைகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்" என்று இதை யாராவது சுருக்கிச் சொன்னால் நம்பாதீர்கள். மாடி வீட்டுக்காரனுக்கு அது வசதியான வாசகம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களிடம் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டமான வேலை. என் அனுபவத்தில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவி படாபஜாரில் என் ஜவுளிக் கிடங்குக்கு வந்தாள். முட்டியா என்று இங்கே சொல்லும் சுமைகூலிகளின் மனச்சோர்வு பற்றி சர்வே. என்னிடம் அனுமதி கேட்டாள், தந்தேன். உடனே பாரத்தை நீட்டி ஒருவரிடம் "சம்மதமா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "பாபு சொன்னா சரி" என்றார். கேள்விகளில் ஒன்று, "முதலாளி எப்படி நடத்துகிறார்?"

நான் சொன்னேன்: "அம்மா, நீ வாங்கினது என் சம்மதம், அவருடையது இல்லை. நான் நிற்கும்போது எவனாவது என்னைக் குறை சொல்வானா? ராத்திரி லோடு இறக்கி முடிந்ததும் டீக்கடையில் வைத்துக் கேள்." கேட்டாள். ஆறு பேரில் இரண்டு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். மீதி நாலு பேர் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. முடியாது என்று சொல்ல வழி இல்லாத இடத்தில் கிடைக்கும் "சரி" அநியாயம் மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கும் பிரயோஜனமில்லாத சரக்கு. நெறிமுறை ஏதோ தர்மத்துக்காக ஒட்டவைத்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இதைத்தான் விரிவாகச் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது ஆய்வைச் சேராத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் நஷ்டமில்லை என்று சொல்ல வேண்டும். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, ஏழு வயதுக்கு மேல் குழந்தையின் இசைவும் வேண்டும். நெறிமுறைக் குழுவில் டாக்டர்களோடு சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். மனநோய் உள்ளவர்களிடம் பேட்டி காண்பதற்குக்கூட அவர்கள் விரும்பித் தரும் சம்மதம் தேவை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

பெயரை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. நம்மைப் போன்ற சிறு சமூகத்துக்குப் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த மாணவி தன் அறிக்கையில் பெயர் எதுவும் போடவில்லை. ஆனால் "படாபஜாரில் தமிழ்ச் சமணர் ஒருவரின் ஜவுளிக் கிடங்கு" என்று எழுதியிருந்தாள். படாபஜாரில் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம்! அங்கே வேலை செய்யும் ஆறு முட்டியாக்களையும் தெருவே அறியும். "மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்று" என்று மாற்றச் சொன்னேன். அவளுடைய பேராசிரியரும் ஒத்துக்கொண்டு அப்படியே திருத்த வைத்தார்.