தலைக்கு மேல் விழுந்த நிழல்

திருக்கடலூர்க் கரையில் அன்று நல்ல வெயில். காலை பத்து மணி இருக்கும். பழைய வலையை மணலில் விரித்து, ஐந்தாறு பெண்கள் சூடை மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேமிப்புக் குழுவின் கணக்கு விடயமாகக் கதைக்கப் போன நானும் அவர்களோடு குந்தியிருந்தேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிழல் சடாரென்று எங்கள் மேல் விழுந்தது. காதருகில் 'விர்' என்று காற்று அடித்தது.

அடுத்த நொடி நான் கணக்குக் கொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மணலில் முகங்குப்புறக் கிடந்தேன். பக்கத்திலிருந்த அக்கா சுளகால் தலையை மூடியபடி தோணியோடு ஒட்டிப் பதுங்கியிருந்தார். இன்னொரு அம்மா பேரப்பிள்ளையை மடிக்குள் அமத்திப் பிடித்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறைக்குத் தாயோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சிரித்தாள்.

"ஏன் அன்ரி படுத்திட்டீங்க? பிராந்து மீன் தூக்கிட்டுப் போகுது!"

நிமிர்ந்து பார்த்தோம். ஒரு செம்பருந்து. எங்கள் சூடையில் ஒன்றைக் காலில் பிடித்து, பறந்தபடியே குனிந்து கொத்திக்கொண்டு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதலில் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சுளகு பிடித்த அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருடைய கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

உடம்பு மறக்கவில்லை

அந்த அக்கா சம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2006 ஏப்ரல் மாதம் அங்கே கிபிர் விமானங்கள் குண்டு போட்டபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவர். பிறகு மட்டக்களப்பு, அதன் பிறகு கிளிவெட்டி முகாம் என்று ஆண்டுகள் போயின. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னர்தான் சொந்த வளவை மறுபடி மிதித்தார். இப்போது மகளுடைய பேறுகாலத்துக்காகத் திருக்கடலூரில் வந்து நிற்கிறார்.

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம் தங்கச்சி? எனக்குத் தெரியும் இது பிராந்து எண்டு. ஆனா உடம்புக்குத் தெரியுதில்லையே" என்றார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இது புதிதாக இருக்காது. மேலே ஒரு சத்தம், ஒரு நிழல், ஒரு அசைவு. மனம் யோசிப்பதற்கு முன் உடம்பு குனிந்துவிடுகிறது. அன்று அப்படிக் குனிந்தபடியால்தான் நாம் பலர் உயிரோடு இருக்கிறோம். எனவே இது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. எம்மைக் காப்பாற்றிய பழக்கம், தேவை முடிந்த பின்னும் எம்மோடு நிற்கிறது. அது நித்திரையையும் அன்றாட வேலையையும் குழப்புகிறது என்றால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய்க் கதைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அன்று கரையில் எமக்கு வேறொரு விடயமும் விளங்கியது. மேலே வருவது என்ன, ஏன் வருகிறது, அதனால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று தெரிந்திருந்தால் பயம் கொஞ்சம் சுருங்கும். அன்றிலிருந்து இந்தப் பறவைகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். கேட்டதையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வருவது யார்?

எங்கள் துறைமுகப் பக்கத்தில் அதிகமாக எங்களுக்குக் கிட்ட வருவது செம்பருந்து. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். கருடன் என்று கும்பிடுவதும் இதைத்தான். கோயில் கும்பாபிஷேகத்தில் இது வந்து வட்டமிட்டால் கை கூப்புகிறோம். அதே பறவை வளவுக்கு வந்தால் "பிராந்து, பிராந்து" என்று கத்திக் கலைக்கிறோம். இதன் குஞ்சுகள் வளர்ந்து பறக்கும் காலத்தில் உடல் முழுவதும் மண்ணிறமாக இருக்கும். அதனால் அது வேறு ஏதோ பறவை என்று பலர் நினைப்பதுண்டு.

மற்றது வெண்வயிற்றுக் கடற்கழுகு. இதை ஆலா என்று சொல்பவர்களும் உண்டு. அவசரப்படுகிறவரை "ஏன் ஆலாய்ப் பறக்கிறாய்?" என்று ஏசுவோமே, ஆனால் உண்மையான கடற்கழுகு அவசரப்படுவதில்லை. இரண்டு சிறகையும் சற்று மேலே தூக்கி விரித்தபடி, அடிக்காமல் மிதந்து வரும். விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ இரண்டு மீற்றர், அதாவது ஒரு வீட்டுக் கதவின் உயரம். மீனோடு கடற்பாம்பையும் பிடித்துத் தின்னும். ஆழமான கடலும் குடாக்களும், அவற்றைச் சுற்றிக் காட்டு மரங்கள் நிற்கும் மேடுகளும் உள்ள எமது துறைமுகம் அதற்கு ஏற்ற இடம்.

மாரி காலத்தில் தூர தேசங்களிலிருந்து விரால் அடிப்பானும் வரும். அது காலை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் 'தொபுக்' என்று விழுந்து மீன் பிடிக்கும். மீன் வழுக்காமல் இருக்க அதன் பாதத்தின் அடியில் முள்ளு முள்ளாக இருக்கும்.

பிள்ளையைத் தூக்குமா?

தாய்மார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். தூக்காது. சிறகை விரித்தால் பெரிதாகத் தெரிகிற செம்பருந்தின் எடை அரைக் கிலோ அளவுதான். பெரிய கடற்கழுகு கூட நான்கரைக் கிலோவைத் தாண்டாது. எடுத்துக்கொண்டு பறக்கக்கூடிய சுமை அதன் எடையை விடக் குறைவு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பலம் இவற்றுக்கு இல்லை.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு கிட்ட வருகின்றன? பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, மீன் கழிவு. குடலையும் தலையையும் நாம் கரையில் வீசுகிறோம். செம்பருந்து உயிருள்ளதைப் பிடிப்பதை விடச் செத்ததைப் பொறுக்குவதில் கெட்டிக்காரி. எங்கே மீன் வெட்டுகிறோமோ அங்கே அது வரும். எம்மைத் தாக்க வருவதில்லை, எமது கையடியில் கிடப்பதை எடுக்க வருகிறது.

இரண்டாவது, கூடு. முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் மரத்தடியில் ஆள் நடமாடினால் தலைக்கு மேலால் பாய்ந்து வெருட்டும். கோழி அடைகாக்கும்போது கை வைத்தால் கொத்துமே, அது போலத்தான்.

மூன்றாவது, காயம் அல்லது சிக்கல். பறக்க முடியாத பறவைதான் வளவுக்குள்ளும் வாடிக்குள்ளும் வந்து விழும். அதற்கு ஓர் உதாரணத்தைக் கிண்ணியாவில் கேட்டேன்.

தங்கூசியில் சிக்கியது

கிண்ணியாவில் ஒரு ராத்தா களப்புக் கரையில் விறகு பொறுக்கப் போயிருக்கிறார். கண்டல் பற்றைக்குள் ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு செம்பருந்து. யாரோ எறிந்துவிட்டுப் போன தங்கூசி வலைத்துண்டு அதன் சிறகிலும் காலிலும் சுற்றி, கொப்பில் மாட்டியிருந்தது.

"அது என்னைப் பாத்த பார்வை இருக்கே! நான் எண்ட கைய வெட்டிப் போடும் எண்டுதான் நினைச்சன். விட்டுட்டுப் போகவும் மனசு வரல்ல" என்றார் ராத்தா.

அவர் செய்தது சரியான வேலை. விறகு கட்டக் கொண்டுபோன பழைய துணியை எடுத்து முதலில் அதன் தலையில் போட்டு மூடினார். கண் மறைந்ததும் பறவை அடங்கிவிட்டது. பிறகு சிறகுகளை உடம்போடு சேர்த்துத் துணியால் சுற்றி, இரண்டு காலையும் ஒரு கையால் இறுக்கிப் பிடித்தார். மகன் கத்தியால் தங்கூசியை ஒவ்வோர் இழையாக அறுத்தான். சொண்டுக்குப் பயப்படுவதை விட நகத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது ராத்தாவுக்கு யாரும் படிப்பித்ததல்ல. கோழி பிடித்துப் பழகிய கை.

துணியை எடுத்ததும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழும்பித் தண்ணீர் மேலாகப் பறந்துவிட்டது. "ஒரு தரம் கூடத் திரும்பிப் பாக்கல்ல" என்று சொல்லிச் சிரித்தார் ராத்தா. அவரும் போரில் கணவனை இழந்தவர். அந்தக் கதையை அன்று அவர் சொல்லவில்லை. பருந்தின் கதையைத்தான் மூன்று தரம் சொன்னார்.

நாம் செய்யக்கூடியவை

• கருவாடு காயப் போடும்போது மேலே பழைய வலையை உயர்த்தி இழுத்துக் கட்டுங்கள். வலை தொய்ந்திருந்தால் பறவை சிக்கும்.

• மீன் கழிவைக் காயப் போடும் இடத்தில் வீசாமல் தென்னை மரத்தடியில் புதையுங்கள். மரத்துக்கும் பசளை.

• கோழிக்குஞ்சுகளைச் சிறிதாக இருக்கும்வரை கம்பி வலை போட்ட கூட்டுக்குள் அல்லது கவிழ்த்த கூடைக்குள் வளருங்கள்.

• அறுந்த தங்கூசியையும் வலைத்துண்டையும் கரையில் விடாதீர்கள். பறவை, ஆமை, பிள்ளைகளின் கால் எல்லாம் அதில் மாட்டும்.

• காயப்பட்ட பறவையைக் கண்டால் துணியால் தலையை மூடி, காற்றுப் போகும் பெட்டியில் இருட்டாக வையுங்கள். தண்ணீரோ சோறோ பருக்க வேண்டாம். கிராம அலுவலர் மூலமாக வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இந்தப் பறவைகளைக் கொல்வதும் பிடித்து வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

• நகம் பட்டுக் காயம் வந்தால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, வைத்தியசாலையில் காட்டி ஏற்புவலி ஊசி பற்றிக் கேளுங்கள்.

பெரியவள் அவளே

விசாரித்ததில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. மனிதரில் ஆண்தான் பெரிய உடம்பு என்கிறோம். பருந்து, கழுகு, வல்லூறு இனங்களில் பெரும்பாலும் பெண்ணே பெரியது. கடற்கழுகிலும் அப்படித்தான். பெண் பெரும்பாலான நேரம் ஏறத்தாழ ஆறு கிழமை அடைகாக்க, ஆண் இரை கொண்டுவரும். ஒரே சோடி ஆண்டுதோறும் அதே கூட்டுக்கு வந்து, புதுக் குச்சிகள் வைத்துத் திருத்திக்கொள்ளும். காற்றில் கூடு சிதைந்தால் மறுபடி கட்டும்.

இந்தப் பறவைகளைக் காப்பாற்ற முதலில் எழுந்தவர்களிலும் ஒரு பெண் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலையில் ஆண்டுதோறும் பருந்துகளை விளையாட்டுக்காகச் சுட்டுக் குவித்தார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண் 1934இல் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டையை நிறுத்தினார். அன்று தொடக்கம் அங்கே கடந்துபோகும் பறவைகளை எண்ணி வந்தார்கள். ரேச்சல் கார்சன் என்ற இன்னொரு பெண், டி.டி.ரி. மருந்தின் கேட்டைப் பற்றி 1962இல் எழுதிய நூலில் அந்தக் கணக்கும் உதவியது. 1972இல் அமெரிக்கா அந்த மருந்தைப் பயிருக்கு அடிப்பதைத் தடை செய்தது. அப்படிப் பார்த்து எண்ணி வைத்ததற்கு அவ்வளவு பெறுமதி இருந்தது. கரையில் தினமும் நிற்கும் நாமும் எவ்வளவோ பார்க்கிறோம். அதை யாரும் அறிவு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மேலிருந்து பார்த்தபோது

பேரப்பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழித்த பின், சம்பூர் அக்கா கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி செய்ய வந்தார். நானும் கூடப் போனேன். கும்பிட்டு முடித்து இராவணன் வெட்டுப் பக்கம் போய் நின்றோம். கடற்காற்று அந்தச் செங்குத்தான பாறையில் மோதி மேலே எழும்பும். அந்தக் காற்றில் ஏறிப் பறவைகள் சிறகடிக்காமல் மிதக்கும்.

அங்கே ஒரு செம்பருந்து பறந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலே அல்ல, காலுக்குக் கீழே. அதன் முதுகு வெயிலில் செம்பு போல மினுங்கியது. நிழல் எங்கோ கீழே தண்ணீரில் ஓடியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா இது?" என்றார்.

சற்று நேரத்தில் இன்னொன்று பின்பக்கத்தால் எங்கள் தலைக்கு மேலாகப் போனது. அக்காவின் தோள் ஒரு தரம் குலுங்கியது. ஆனால் அவர் குனியவில்லை. கையை நெற்றியில் வைத்து நிமிர்ந்து பார்த்தார். "இது குஞ்சு போல. உடம்பு முழுக்க மண்ணிறம்" என்று எனக்குக் காட்டினார்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வளவிலும் கரையிலும் வயலிலும் இப்படி ஒரு பறவை எதிர்பாராமல் கிட்ட வந்திருக்கும். எப்போது, எங்கே, என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.