இதற்கு மேல் காசு கொடுக்காதீர்கள்

இசைத்தட்டின் அட்டை பழைய பெங்குவின் புத்தகம் மாதிரி இருக்கும். பார்னி பபிள்ஸ் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம். அந்த அட்டையிலேயே ஓர் எச்சரிக்கை: 2.99 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம். கடைக்காரர் ஆசைப்பட்டாலும் கூட்டி விற்க முடியாது. உள்ளே ஏழு பாட்டு, மொத்தமாகப் பதினாறு நிமிடம்கூட வராது. ஓர் ஆள், ஓர் எலெக்ட்ரிக் கிதார், அவ்வளவுதான். சிந்தசைசரும் ஒப்பனையும் கோலோச்சிய 1983இன் பிரிட்டிஷ் பாப் உலகத்துக்குள் 'லைஃப்ஸ் எ ரயட் வித் ஸ்பை வெர்சஸ் ஸ்பை' என்ற இந்தத் தட்டோடு நுழைந்தவர் பில்லி பிராக்.

பிறந்தது 1957இல், லண்டனின் கிழக்கு விளிம்பில் இருக்கும் பார்க்கிங்கில். ஃபோர்டு தொழிற்சாலை இருந்த டாகென்ஹாம் பக்கத்து ஊர். 1977இல் 'த கிளாஷ்' குழுவின் கச்சேரியைப் பார்த்ததிலிருந்து பையனுக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. நண்பர்களோடு 'ரிஃப் ராஃப்' என்ற பங்க் குழுவில் ஊர் ஊராகப் பப்களில் வாசித்தார். சில சிறு தட்டுகள் வந்தன, யாரும் கவனிக்கவில்லை, குழு கலைந்தது. 1981இல் ராணுவத்தின் டாங்கிப் படையில் சேர்ந்தார். மூன்று மாதப் பயிற்சியிலேயே போதும் என்றாகிவிட, 175 பவுண்டு கட்டிவிட்டு வெளியேறினார். பள்ளிக்கூடம் பிடிக்காதவன் டிசி வாங்கிக்கொண்டு போகிற மாதிரி, பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்படியொரு வழி இருந்தது.

திரும்பி வந்தவரிடம் குழு இல்லை. குழு இல்லாததையே முதலீடாக்கினார். வேன் வாடகை வேண்டாம், கூலியைப் பங்கு போட வேண்டாம், எந்தக் கச்சேரியிலும் கடைசி நேரத்தில் ஆள் குறைந்தால் கிதாரோடு போய் நிற்கலாம். ஆனால் பங்க் கூட்டத்தின் முன்னால் ஒற்றை ஆளாக நிற்பது சாதாரணமில்லை. அவருடைய வலது கையைக் கவனித்தால் ரகசியம் பிடிபடும். தந்திகளை ஓங்கி அடித்து, சட்டென்று அமுக்கி, ஒரு கணம் மௌனம் விடுவார். டிரம்ஸ்காரர் செய்ய வேண்டிய வேலையை அந்த மௌனம் செய்யும். அதற்கு மேல் பார்க்கிங் வட்டார உச்சரிப்பை ஒளிக்காத கரகரத்த குரல். அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

கரிஸ்மா என்ற இசை நிறுவனத்துக்குள் அவர் நுழைந்தது டிவி பழுது பார்க்க வந்தவர் வேடத்தில். அங்கே இருந்த பீட்டர் ஜென்னர், ஒரு காலத்தில் பிங்க் ஃப்ளாய்டின் மேலாளர், கேசட்டைக் கேட்டார், பிடித்துப்போனது. ஆனால் நிறுவனமோ திவாலாகும் நிலை. பாட்டுப் பதிப்பகம் ஒன்றின் செலவில் செய்த மாதிரிப் பதிவுகளே கடைசியில் இசைத்தட்டாயின.

அடுத்தது பிரியாணிக் கதை. பிபிசி வானொலியின் ஜான் பீல் புதுப் பாடகர்களுக்கு வாசல் திறந்துவிட்ட மனிதர். ஒருநாள் ஒலிபரப்பின்போது, பசிக்கிறது, காளான் பிரியாணி கிடைத்தால் தேவலை என்று புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்த பிராக் பிரியாணியை வாங்கிக்கொண்டு தட்டும் கையுமாக நிலையத்துக்கே போய்விட்டார். பிரியாணியின் பலத்தைத் தேர்தல் பார்த்த தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பீல் ஒரு பாட்டைப் போட்டார், ஆனால் தப்பான வேகத்தில். பன்னிரண்டு அங்குலத் தட்டு என்றால் நிமிடத்துக்கு 33 சுற்று என்பது வழக்கம். இதுவோ 45இல் சுற்ற வேண்டியது. ஏற்கெனவே கரகரத்த குரல் இன்னும் இழுத்துக்கொண்டு ஒலித்திருக்கும். பிரியாணி வராவிட்டாலும் போட்டிருப்பேன் என்று பீல் சாதித்தார்.

ஸ்டிஃப் என்ற இசை நிறுவனத்தில் பத்திரிகைத் தொடர்பாளராக இருந்த ஆண்டி மெக்டொனால்ட் 'கோ! டிஸ்க்ஸ்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, தட்டை மறுபடி வெளியிட்டார். 1984 ஜனவரியில் அது பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 30ஆம் இடத்தைத் தொட்டது. இரண்டாவது ஆல்பத்தின் அட்டையிலும் விலை வரம்பு இருந்தது: 3.99. இது கிளாஷிடமிருந்து வந்த பாடம். மூன்று தட்டுகள் கொண்ட 'சாண்டினிஸ்டா!' மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக, பிரிட்டனில் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்குத் தங்கள் உரிமைத்தொகையையே விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். பங்க் என்றால் கிழிந்த சட்டையும் இரைச்சலும்தான் பலருக்கு நினைவு வரும். பிராக் அதிலிருந்து எடுத்துக்கொண்டது கணக்குவழக்கை.

1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நிதி திரட்டக் கச்சேரி கச்சேரியாகப் போனார். வடக்கே போனபோது, வெறும் நாட்டுப்புறப் பாடகர்கள் என்று நினைத்தவர்கள் தன்னைவிடக் காரமாகப் பாடுவதைக் கேட்டார். அதன் விளைவு 1985இன் 'பிட்வீன் த வார்ஸ்' தட்டு. 1931இல் கென்டக்கி சுரங்கப் போராட்டத்தில் ஃப்ளாரன்ஸ் ரீஸ் எழுதிய பாட்டை அதில் புது வரிகளோடு பாடினார். லேபர் கட்சிக்கு இளைஞர் வாக்குத் திரட்டிய 'ரெட் வெட்ஜ்' இயக்கத்திலும் முன்னால் நின்றார். 1987 தேர்தலில் கட்சி தோற்றது. அந்த அத்தியாயத்தில் பாட்டைவிடக் கூட்டம்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

இப்படிச் சிக்கனமாக வந்தவர் ஒருமுறை பெரிய பணத்தைத் தொட்டார். கோ! டிஸ்க்ஸுடன் பத்து லட்சம் பவுண்டு ஒப்பந்தம். பதிலுக்கு அவர் வீடியோ, சிங்கிள், விளம்பரம் என்று நாலு பேர் செய்வதைச் செய்ய வேண்டும். 1991இல் வந்த 'டோன்ட் ட்ரை திஸ் அட் ஹோம்' ஆல்பத்தில் கிதார் கலைஞர் ஜானி மார், ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக் எல்லாரும் இருந்தார்கள். இதை மோசமான ஆல்பம் என்று ஒதுக்க முடியாது. தனக்குப் பதினெட்டு வயதானபோது இறந்துபோன தந்தையைப் பற்றி எழுதிய 'டேங்க் பார்க் சல்யூட்' இதில்தான் இருக்கிறது. அவர் எழுதியவற்றில் அதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, செலவு கழுத்தை நெரித்தது. மீதி முன்பணத்தைத் திருப்பிக் கட்டிவிடுகிறேன், என் பழைய பாட்டுகளின் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். அப்போது நஷ்டம் மாதிரி தெரிந்த இந்தப் பேரம்தான் பின்னால் அவரைச் சுதந்திரமாக வைத்தது.

அடுத்த பெரிய வேலை தானாக வந்தது. அமெரிக்க நாட்டுப்புறக் கவி வுடி கத்ரி 1967இல் இறந்தபோது மெட்டில்லாத பாட்டுகளை ஆயிரத்துக்கும் மேல் விட்டுப்போயிருந்தார். அவற்றுக்கு இசையமைக்க மகள் நோரா தேர்ந்தெடுத்தது பிராக்கை. வில்கோ குழுவோடு சேர்ந்து 1998இல் 'மெர்மெய்ட் அவென்யூ' வெளியானது. கத்ரி குடியிருந்த கோனி ஐலண்ட் தெருவின் பெயர் அது. ஒலிக்கலவை விஷயத்தில் இரு தரப்புக்கும் உரசல். அது தட்டில் தெரியவில்லை.

2006இல் மைஸ்பேஸ் தளத்தின் விதிமுறைகள் ஏற்றப்படும் பாட்டின் உரிமையைப் பறிப்பதாகக் கண்டு தன் பாட்டுகளை இறக்கிவிட்டார். தளம் விதியைத் திருத்தியது. அடுத்த ஆண்டு, சிறைக்கைதிகளுக்குக் கிதார் வாங்கித் தரும் 'ஜெயில் கிதார் டோர்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார். பெயர் கிளாஷ் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது.

தன் பாட்டு தன் கையில் இருப்பதன் இன்னொரு சௌகரியம், அதை மாற்றலாம். 'எ நியூ இங்லாந்த்' பாட்டைக் கர்ஸ்டி மக்கால் பாடி 1985இல் ஏழாம் இடத்துக்குக் கொண்டுபோனார். அவருக்காகக் கூடுதலாக எழுதித் தந்த ஒரு சரணத்தை, 2000இல் அவர் இறந்த பிறகு பிராக் மேடைகளில் தானே பாடுகிறார். 1991இன் 'செக்‌ஷுவாலிட்டி'யில் ஒரு வரியைத் திருநர்களுக்கு ஆதரவாக மாற்றிப் பாடத் தொடங்கியபோது பழைய ரசிகர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொதுவெளியிலேயே பதில் சொன்னார், அடுத்த கச்சேரியிலும் புது வரியையே பாடினார்.