கடலுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்!

ஆலங்குளத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்திலேயே குற்றாலம்! உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்கு ஓடியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சண்டை வந்தால் ஜெயிப்பது யார் என்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

முதல் ரவுண்டு எண்ணெய்க்குத்தான். லண்டன் கிளாப்ஹாம் குளத்தில் ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெயை விட்டார் பெஞ்சமின் பிராங்க்ளின். காற்றில் நெளிந்த தண்ணீர் அரை ஏக்கருக்குக் கண்ணாடி மாதிரி அடங்கிவிட்டதாம். அவர் எழுதி வைத்தது 1774-ல் அச்சிலேயே வந்திருக்கிறது. அரை ஏக்கர் என்றால் 50 சென்ட். பத்து வீட்டு மனை சார்!

காற்று முதலில் சின்னச் சின்ன நெளிவுகளைக் கிளப்பி, அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அலையை வளர்க்கும். எண்ணெய்ப் படலம் அந்த நெளிவுகளை அமுக்கிவிடும். அப்புறம் காற்றுக்கு ஏது பிடி? வழுக்குமரம் ஏறுகிறவன் கதைதான்.

ஆனால் பெரிய அலை இதற்கெல்லாம் மசியாது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்தது கப்பல் ஓட்டும் கெட்டி எண்ணெய். அலை அதைச் சும்மா விடுமா? மத்து போட்டுக் கடைகிற மாதிரி அடித்து அடித்து, எண்ணெய்க்குள்ளேயே தண்ணீரைத் திணித்துவிடும். இப்படிக் கடைபட்டால் எண்ணெய் மூன்று, நான்கு மடங்குகூட உப்பும். எர்ணாவூர்க் கரைப் பாறைகளில் வந்து அப்பியது அந்தக் களிதான். உறிஞ்சும் மெஷின்களே திணறின. இளைஞர்கள் பக்கெட்டோடு இறங்கினார்கள். நாம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் முழங்கைவரை கறுப்பாகி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி கேட்டார்: "ஏம் தம்பி, கொட்டுனது கொஞ்சம்னு சொன்னானுவ. அள்ளுனது அம்புட்டு இருக்கே. கணக்கு உதைக்குதே?"

"பாதி தண்ணி அண்ணாச்சி. அலை சேத்து வச்சது."

"மீதி?"

"முதல்ல சொன்ன கணக்கே கம்மி."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்த வாரங்களில் சென்னையில் மீன் வாங்க ஆளில்லை. கப்பல் எது, கம்பெனி எது என்றே தெரியாத மீனவர் வீட்டில்தான் உலை கொதிக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்கு மறுபடி எண்ணெய் வந்தது. அங்கே அலை இல்லை, வெள்ளம்தான். படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அள்ள இறங்கியவர்களில் மறுபடியும் அதே மீனவர்கள்.