பந்திக்கு முந்தும் கந்தகக் கூட்டம்

மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் அரைத்துச் சாக்கடையில் விட்டால் என்ன கெட்டுவிடும் என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது கூடுதல் சுமைதான். காற்றை இன்னும் அதிகமாக ஊத வேண்டும், மின்கட்டணம் ஏறும். ஆனால் ஸ்பெயினில், வலென்சியாவை ஒட்டிய கர்ரைஷெட் நிலையத்தில் ஆய்வாளர்கள் அதை வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள்.

அவர்களுடைய சோதனைக் கலம் காற்றுப் புகாதது. சாண எரிவாயுக் கலன் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி புதிதல்ல. மீதிப் பாதி, சவ்வு.

மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் பெருகுவதில் மகா மந்தம். சில வகைகள் இரட்டிப்பாகவே நாள்கணக்காகும். சாக்கடை நீரோடு அவையும் வெளியேறினால் கலம் செத்துப்போகும். ஆகவே வழியில் நுண்துளைச் சவ்வு நிற்கிறது. துளையின் அகலம் ஏறக்குறைய 0.05 மைக்ரான், பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு பருமன். நீர் போய்விடும், உயிர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். சவ்வில் சேறு அப்பினால் துடைப்பதற்கும் ஆள் வேண்டாம். கலத்தில் உண்டான வாயுவையே கீழிருந்து குமிழ் குமிழாக விடுகிறார்கள்.

வலென்சியா சாக்கடைக்கு ஒரு குணமுண்டு: சல்பேட் மிகுதி. சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் பந்திக்கு முந்துபவை. மீத்தேன் கூட்டம் நம்பியிருக்கும் ஹைட்ரஜனையும் அசிடேட்டையும் அவையே முதலில் காலி செய்துவிட்டு, அழுகிய முட்டை நாற்றத்தை விட்டுச் செல்லும். கரிமம் குறைந்த சாக்கடையில் மந்தக் கூட்டத்துக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் முந்துபவற்றின் வேகம் சல்பேட் இருக்கும்வரைதான். அரைத்த உணவுக்கழிவு கரிமத்தைக் கூட்டியதும், சல்பேட் தீர்ந்த பிறகும் இலையில் சோறு இருந்தது; மீத்தேன் நன்றாகவே கூடியது. சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) கணக்கில் ஒரு கிலோ அழுக்குக்கு அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன். குப்பை மேட்டில் கொட்டினாலும் அந்தச் சோறு மீத்தேன்தான் ஆகும், பிடிப்பார் இல்லாமல்.

‘பசுமை எரிசக்தி’ என்று விளம்பரம் செய்பவர்கள் வசதியாகத் தாண்டிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. குளிர்ந்த நீரில் மீத்தேன் கூடுதலாகக் கரையும். வெளியேறும் நீரோடு கணிசமான பங்கு போய்க் காற்றில் கலக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். கரைந்ததைப் பிரித்தெடுக்கத் தனிச் சவ்வுகளும் இருக்கின்றன. அந்தச் செலவையும் சேர்த்துத் திட்டம் போடாதவர்கள் இதில் கைவைக்காமலிருப்பதே நல்லது.